பன்னீர் திராட்சை: நட்ட நாளிலிருந்து முதல் பூ வரை கொடி ஏற்றுவதும் கவாத்தும்

கம்பம் பள்ளத்தாக்கில் புதிதாகத் திராட்சை வைப்பவர்கள் பெரும்பாலும் மருந்தையும் உரத்தையும்தான் விசாரிக்கிறார்கள். கொடியை எப்படிப் பந்தலேற்றுவது, எதை எப்போது வெட்டுவது என்பதைக் கூலியாட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வருடம் போட்ட கட்டமைப்பு கோணலாகப் போனால், அதற்குப் பிறகு ஒவ்வொரு கவாத்திலும் அந்தக் கோணலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இதில் சொல்வதெல்லாம் பன்னீர் ரகத்துக்கு, அதாவது மஸ்கட் ஹாம்பர்க்குக்கு. ஓடைப்பட்டிப் பக்கம் போடும் விதையில்லா ரகத்துக்குக் கண் கணக்கு, அதாவது கவாத்தில் குச்சிக்கு எத்தனை மொட்டு விடுவது என்பது, வேறு. இதை அங்கே அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

1. செடிக்கு முன் பந்தல்

"செடி வளரட்டும், பந்தல் அப்புறம் போடலாம்" என்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. வேர் பிடித்த பதியன் இரண்டு மூன்று மாதத்தில் பந்தல் உயரத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் கல்லுக்கால் ஊன்றவும் கம்பி இழுக்கவும் ஆட்கள் உள்ளே நடந்தால் இளங்கொடி ஒடியும். கம்பி இல்லாததால் கொடி தரையில் புரளும், தரையில் புரண்ட இலையில் நோய் முதலில் ஏறும்.

இடைவெளி 3 மீட்டருக்கு 2 மீட்டர். அதாவது வரிசைக்கு வரிசை 10 அடி, செடிக்குச் செடி ஆறரை அடி. ஏக்கருக்கு 670 செடிக்குள் அடங்கும். நெருக்கி வைத்தால் சீக்கிரம் பந்தல் மூடும் என்பது உண்மைதான். மூடிய பிறகு வெயில் இறங்காது, பூவும் வராது.

பந்தல் உயரம் ஆறு முதல் ஏழு அடி. உங்கள் தோட்டத்தில் வேலை செய்யப்போகிறவர் கையைத் தூக்கினால் உள்ளங்கை கம்பியில் படவேண்டும், தலை இடிக்கக் கூடாது. ஏழடிக்கு மேல் போட்டால் ஒவ்வொரு கட்டுக்கும் முக்காலி தூக்க வேண்டும். அவ்வளவு பொறுமை யாருக்கும் இருக்காது, கட்டாமலே விட்டுவிடுவார்கள்.

ஓரத்துக்குத் தடித்த ஜி.ஐ. கம்பி, உள்ளே மெல்லிய கம்பியைக் கட்டமாக ஒன்றரை முதல் இரண்டு அடிக்கு ஒன்று. மேற்கு ஓரக் கால்களை வெளிப்பக்கம் சாய்த்து ஊன்றி, தரையில் கல் புதைத்து இழுகம்பி கட்டுங்கள். ஆடியில் மலைக்கணவாய் வழியாக வரும் காற்று, இலை நிறைந்த பந்தலைப் பாய்போல் பிடித்து இழுக்கும். வெறும் பந்தலாக இருக்கும்போது உறுதியாகத் தெரிவதை நம்ப வேண்டாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

கூரான கவாத்துக் கத்தரி இரண்டு. ஒன்று மழுங்கினால் வேலை நிற்கக் கூடாது. மழுங்கிய கத்தரி வெட்டாது, நசுக்கும். நசுங்கிய முனை கண் வரை காய்ந்துபோகும்.

செடிக்கு ஒரு மூங்கில் அல்லது சவுக்குக் கொம்பு, பந்தலுக்கு ஓரடி மேலே நீளும் அளவில். கட்டுவதற்கு நனைத்த வாழைநார் அல்லது சணல். நைலான் கயிறு வேண்டாம். தண்டு பருக்கும்போது அது இளகாது, மட்காது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பட்டைக்குள் புதைந்து கிடக்கும்.

கத்தரியைத் துடைக்க ஸ்பிரிட் நனைத்த துணி. வெட்டுக்காயத்தில் தடவ போர்டோ பசை என்ற பூஞ்சாண மருந்து. அதற்கு மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) நீற்றுச்சுண்ணாம்பும் வாங்கி வையுங்கள். செய்முறை 8-ஆம் பகுதியில்.

3. ஒரே ஒரு தண்டு

ஆனி, ஆடியில் நட்ட பதியன் தழைத்ததும் இரண்டு மூன்று துளிர் கிளம்பும். எல்லாம் வளரட்டும் என்று விட்டால் எதுவும் தண்டாகாது. கீழிருந்து வரும் தடித்த துளிர் ஒன்று, அதற்கு மாற்றாக இன்னொன்று, இரண்டை மட்டும் வையுங்கள். முதல் துளிர் ஓரடி தாண்டிக் கொம்பில் பத்திரமாகக் கட்டுப்பட்டதும் மாற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். காற்றோ ஆடோ முதலாவதை ஒடித்தால் இருக்கட்டும் என்றுதான் அந்த இரண்டாவது. அதற்கு மேல் வேலை அதற்கில்லை.

எடுக்க மனம் வராமல் இரண்டையும் பந்தலேற்றியவர்கள் உண்டு. ஒரே வேர் இரண்டு மெல்லிய தண்டைத் தாங்கும், பந்தலில் இருபுறமும் ஓடும் கிளைகள், அதாவது கைகள், நான்காகி ஒன்றின் மேல் ஒன்று படரும். அப்புறம் எந்தக் கை எந்தத் தண்டுடையது என்று பிரிக்கவே ஒரு பொழுது போகும்.

4. கொம்பில் ஏற்றுவது

குமுளி, கட்டப்பனைப் பக்கம் மிளகு வைத்துப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிளகுக்கொடி கணுவேர் விட்டு மரத்தை ஒட்டிக்கொண்டு தானே ஏறும். திராட்சைக்கு அந்த வேர் கிடையாது. அதன் சுருள்கள் கண்ணில் பட்டதையெல்லாம் பிடிக்கும்: கொம்பு, பக்கத்துக் கொடி, சில நேரம் தன் தண்டையே. கட்டுவது நம் வேலை.

ஒரு சாணுக்கு ஒரு கட்டு. நார் கொம்பை இறுக்கிப் பிடிக்கட்டும். தண்டைச் சுற்றி வரும் பக்கம் சுண்டுவிரல் நுழையும் இடம் இருக்கட்டும். காலையில் கட்டாதீர்கள். விடியலில் தண்டு நீர் ஏறி விறைத்திருக்கும், வளைத்தால் பட்டென்று ஒடியும். பதினோரு மணிக்கு மேல் வெயில் பட்டுத் துவண்டதும் அதே தண்டு சொன்னபடி கேட்கும்.

சுருள்களை இளசாக இருக்கும்போதே கிள்ளுங்கள். காய்ந்தால் கம்பிபோல் இறுகும், கவாத்தின்போது ஒவ்வொன்றாக அறுக்க வேண்டிவரும்.

இலைக்கக்கத்தில் வரும் பக்கத்துளிர்களை விரல் நீளம் வருவதற்குள் ஒடித்துவிடுங்கள். தண்டின் பெரிய இலைகளை மட்டும் தொடாதீர்கள். "மொட்டையாக இருந்தால் சுத்தமாக இருக்கும்" என்று இலையையும் உருவிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்டைப் பருக்க வைப்பதே அந்த இலைகள்தான். கீழ் இலைகள் வயதாகித் தானே பழுத்து விழும்.

5. நுனி வெட்டு: எப்போது, எங்கே

முழு வேலையிலும் அதிகம் தவறுவது இங்கேதான். நுனி கம்பியைத் தொட்டதும் ஆசையாகக் கிள்ளிவிடுகிறார்கள். அந்த உயரத்தில் தண்டு அப்போது வைக்கோல் தடிமன்தான் இருக்கும். அதிலிருந்து வரும் இரண்டு கைகளும் அதைவிட மெலிந்திருக்கும். பிற்பாடு பந்தல் பாரத்தைச் சுமக்கப்போகும் கவை அதுதான்.

பொறுங்கள். நுனி பந்தலைத் தாண்டி ஓரடி, ஒன்றரை அடி மேலே போகட்டும். கம்பிக்கு அரையடி கீழே தண்டு பென்சில் தடிமனுக்கு வந்திருக்கிறதா என்று விரலால் பிடித்துப் பாருங்கள். வந்திருந்தால் அந்த அரையடி கீழே இருக்கும் இடத்தில், ஒரு கண்ணுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். மேலே வளர்ந்ததெல்லாம் வீண் என்று தோன்றும். அந்த ஒன்றரை அடி வளரும்போதுதான் கீழே தண்டு பருத்தது.

நுனி இருக்கும்வரை அது கீழே உள்ள கண்களை எழ விடாது. நுனி போனதும் மேல் கண்கள் இரண்டு மூன்று ஒன்றாக விழிக்கும். அவற்றில் எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளுங்கள்.

கம்பி மட்டத்திலேயே வெட்டாமல் ஏன் கீழே? கைகள் கீழிருந்து வளைந்து ஏறிக் கம்பியில் படுத்தால் கவை கிழியாது. கம்பி மேலே வைத்து வெட்டினால் கை செங்குத்தாக மடங்கும், முதல் ஆடிக்காற்றில் கவையில் பிளக்கும்.

6. கை ஓடட்டும், ஆனால் நின்று நின்று

இரண்டு கைகளையும் வரிசைப் போக்கிலேயே கம்பியோடு ஓட்டுங்கள். செடிக்குச் செடி 2 மீட்டர் என்பதால் ஒரு கைக்குக் கிடைப்பது 1 மீட்டர்தான். பக்கத்துச் செடியின் கையைத் தொடும் இடம் எல்லை.

அந்த 1 மீட்டரை ஒரே மூச்சில் ஓட விடாதீர்கள். விட்டால் கை நீளும். நுனியில் மட்டும் கிளை வைக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. பின்னாளில் "என் பந்தலில் நடுவில் காய்ப்பே இல்லை" என்று வரும் புலம்பல் பெரும்பாலும் இந்த மொட்டைக் கைதான்.

கை ஏறக்குறைய இரண்டடி போனதும் நுனியைக் கிள்ளுங்கள். பின்னால் உள்ள கண்கள் எழும். கடைசிக் கண்ணில் வரும் துளிரை மறுபடி கம்பியோடு முன்னால் ஓட்டுங்கள். மற்றவை இரண்டாம் கிளைகள். இவற்றில் ஓரடிக்கு ஒன்று, இடம் ஒன்று வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, வரிசைக்குக் குறுக்கே படர விடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு வந்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டியதுதான். இரக்கம் காட்டினால் நிழல்தான் மிஞ்சும்.

இரண்டாம் கிளை 12 முதல் 15 கண் வைத்ததும் அதன் நுனியையும் கிள்ளுங்கள். அதன்பின் வரும் மூன்றாம் கிளைகளில்தான் பழக்குச்சிகள் நிற்கப்போகின்றன.

வாரத்துக்கு ஒரு முறை பந்தலுக்கு அடியில் நடந்து, கம்பிக்கு மேலே வானம் பார்த்து நிற்கும் துளிர்களை வளைத்துக் கட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும் துளிர் வேகத்தையெல்லாம் தான் எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பட்டினி போடும். மிகவும் தடித்துச் செங்குத்தாகப் போவதை வளைக்க முயல வேண்டாம், அடியோடு எடுத்துவிடுங்கள்.

7. வெயில் கணக்கு

பூங்கொத்து பூக்கும் மாதத்தில் உருவாவதில்லை. அடுத்த கவாத்துக்குப் பின் வரப்போகும் கொத்தின் கரு, இப்போது வளர்ந்துகொண்டிருக்கும் குச்சியின் கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அந்தக் கண் இளசாக இருக்கும் வாரங்களில் அதன் மேல் வெயில் விழ வேண்டும். நிழலில் முற்றிய கண்ணை எவ்வளவு உரம் போட்டு எழுப்பினாலும் இலையும் சுருளும்தான் வரும்.

நடுப்பகலில் பந்தலுக்கு அடியில் தரையைப் பாருங்கள். வெயில் திட்டுத்திட்டாக விழுந்திருந்தால் சரி. தரை முழுக்க ஒரே இருட்டாக இருந்தால் மேலே துளிர் அதிகம். மெலிந்ததையும் ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதையும் எடுங்கள். ஆனால் ஒரே நாளில் பாதியை உருவ வேண்டாம். நிழலில் இருந்த இலைகள் திடீர் வெயிலில் கருகும். இரண்டு தவணையாகச் செய்யலாம்.

மேற்கிலிருந்து சாரல் அடிக்கும் மாதங்களில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. காற்று ஓடும் பந்தலில் இலை சீக்கிரம் காயும். இலையடியில் வெள்ளைப் பஞ்சுபோல் படரும் அடிச்சாம்பல் நோய்க்கு ஈரம்தான் தீனி.

8. முதல் காய்ப்புக் கவாத்து

*கொடி தயாரா?* நன்றாக வளர்ந்த தோட்டம் ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் தயாராகும். தேதியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டாம் கிளைகள் தம் இடத்தை நிரப்பியிருக்க வேண்டும், குச்சிகள் பச்சை மாறிப் பழுப்பேறியிருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு குச்சியைக் குறுக்கே வெட்டி நடுவில் பாருங்கள். நடுத்தண்டு பழுப்பாக இருந்தால் முற்றிவிட்டது. பச்சையாக, ஈரமாக இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பாதிப் பந்தல் காலியாக இருக்கும்போதே பழத்துக்கு வெட்டினால், கொடி தன் பலத்தைக் குலைக்குக் கொடுத்துவிட்டு மறுபாதியை நிரப்பாமலே நின்றுவிடும்.

*எந்த மாதம்?* கோடைக் காய்ப்புக்கு மார்கழி, தை. மழைக்காலக் காய்ப்புக்கு வைகாசி, ஆனி. முதல் கவாத்துக்கு நான் தையைத்தான் சொல்வேன். பூக்கும் நேரத்தில் மழைத் தொந்தரவு குறைவு. ஒரே சிக்கல் ஆள். அந்த மாதங்களில் கூடலூர், கம்பம் பக்கத்துப் பெண்கள் பலர் விடியலில் ஜீப் ஏறி மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போய்விடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு தோட்டத்தைப் பிய்த்துப் பிய்த்து மூன்று வாரம் வெட்டினால் பூவும் பழமும் மூன்று வாரம் முன்னும் பின்னுமாக வரும், மருந்தடிப்பதும் சிரமம்.

*தண்ணீரை நிறுத்துவது.* வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பு பாசனத்தை நிறுத்துங்கள். வளர்ச்சி நின்று குச்சிகளுக்குள் சத்து இறங்கும். மண் வெடிக்கும் அளவுக்குக் காயப்போட வேண்டாம்.

*எத்தனை கண்?* பென்சில் தடிமனுள்ள முற்றிய குச்சியில் நான்கு கண் விட்டு வெட்டுங்கள். மெலிந்ததிலும் முற்றாததிலும் ஒன்று அல்லது இரண்டு கண். நான்கு கண் குச்சி இந்த முறை பழம் தரும். குட்டைக் குச்சி அடுத்த முறைக்கு நல்ல குச்சி தரும். எல்லாவற்றையும் நான்கு கண்ணில் விட்டால் பந்தல் குச்சிக்காடாகிவிடும், காய்ப்பும் வருடா வருடம் தண்டை விட்டு விலகி ஓரத்துக்கு நகரும். அடியில் ஒட்டியிருக்கும் சின்னக் கண்ணை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்; நிறைய பேர் அதையும் எண்ணி மூன்று கண்ணில் வெட்டிவிடுகிறார்கள்.

*வெட்டும் விதம்.* கடைசிக் கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே, கண் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி சாய்வாக. கண்ணை ஒட்டி வெட்டினால் வெட்டுமுனை காயும்போது கண்ணும் சேர்ந்து காயும். வெட்டின இடத்தில் சொட்டுச்சொட்டாக நீர் வடிந்தால் பயப்பட வேண்டாம். வேர் விழித்திருக்கிறது என்றுதான் அர்த்தம், சில நாளில் தானே நின்றுவிடும். சாய்வாக வெட்டச் சொல்வதே அந்த நீர் கண் மேல் வழியாமல் இருக்கத்தான்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் காய்ந்ததும் நோய்ப்பட்டதும், அடுத்து குறுக்கே ஓடுவது, கடைசியில்தான் கண் எண்ணி வெட்டுவது. நேராகக் கண் எண்ணத் தொடங்கினால், எண்ணி வைத்த குச்சியைத் தாங்கும் கிளையையே பிறகு எடுக்கும்படி ஆகும். ஒரு செடி முடிந்து அடுத்த செடிக்குப் போகும்போது கத்தரியை ஸ்பிரிட் துணியால் துடையுங்கள்.

*போர்டோ பசை.* மயில்துத்தம் 1 கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். சுண்ணாம்பு 1 கிலோவை இன்னொரு வாளியில் 5 லிட்டரில் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள், மாற்றி ஊற்ற வேண்டாம். தீட்டின கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் இரும்பில் செம்புநிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியே தடவினால் செடியைச் சுடும். பெரிய வெட்டுகளில் அன்றைக்கே தடவுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். கொடி முழுவதும் தெளிக்க அதே அளவு துத்தத்துக்கும் சுண்ணாம்புக்கும் மொத்தம் 100 லிட்டர் தண்ணீர்.

வெட்டிப் போட்ட குச்சிகளைப் பந்தலுக்கு அடியில் விடாதீர்கள். நோயின் விதை அதில்தான் தங்கும். வயதான தோட்டமாக இருந்தால் தண்டில் உரியும் பட்டையையும் உரித்துச் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். துளிரைக் கொறிக்கும் சின்ன வண்டு அதற்குள்தான் முட்டை வைக்கும்.

9. கண் விழிக்கும் மருந்து பற்றி

கண்கள் ஒரே சீராக எழ ஹைட்ரஜன் சயனமைடைப் பஞ்சில் தொட்டு வைக்கிறார்கள். முதல் கவாத்துக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து. இளங்கொடி தானே எழும். வைப்பதாக இருந்தால் கையுறை கட்டாயம். இன்னொன்றை மருந்துக் கடையில் பெரும்பாலும் சொல்வதில்லை: இந்த மருந்தைக் கையாள்பவர் முந்தின நாளும் அடுத்த ஒரு வாரமும் மது தொடக் கூடாது. தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மயக்கம் வரை போகும். கூலிக்கு வருபவர்களிடம் இதை வெட்கப்படாமல் முன்னாலேயே சொல்லுங்கள்.

10. துளிரிலிருந்து பூ வரை

வெட்டி முடித்ததும் தாராளமாக ஒரு தண்ணீர் விடுங்கள். பத்து நாள் முன்பின்னாகக் கண்கள் வீங்கி, ரோஸ் நிறப் பஞ்சு தெரியும். கொறிக்கும் வண்டு இந்த நேரத்தில்தான் வரும். வீங்கிய கண் உள்ளே குடையப்பட்டிருந்தால் அந்தக் கண்ணின் கொத்து போயிற்று. ஆகவே இந்த ஒரு வாரம் தினமும் காலையில் ஒரு சுற்று வாருங்கள்.

துளிர் ஒரு சாண் வந்ததும் கொத்து கண்ணுக்குத் தெரியும், இலைக்கு எதிர்ப்பக்கம் பச்சைக் குருணைக் குலைபோல. இப்போது கழிக்கலாம். ஒரே கண்ணில் இரட்டைத் துளிர் வந்தால் கொத்துள்ளதை வைத்து மற்றதை எடுங்கள். கொத்தே இல்லாத துளிர்களில் அடுத்த முறைக்குத் தேவையானதை மட்டும் விடுங்கள். இதைக் கொத்து தெரிவதற்கு முன் செய்கிறவர்கள் குருட்டாம்போக்கில் பழத்தையே கிள்ளிப் போடுகிறார்கள். தாமதித்துச் செய்தால் துளிர் கட்டையாகி, ஒடிக்கும்போது பட்டை கிழியும்.

சுருள் கிள்ளுவது, பக்கத்துளிர் எடுப்பது, மதியம் கட்டுவது எல்லாம் 4-ஆம் பகுதியில் சொன்னபடியே. துளிர் 12 முதல் 15 கண் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளாமல் விட்டால் சத்து நுனிக்கு ஓடும், பிஞ்சு உதிரும்.

முதல் காய்ப்பில் ஒரு துளிருக்கு ஒரு கொத்து போதும். இரண்டாவதைப் பூ விரிவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

பூ விரியத் தொடங்கியதும் கத்தரியை உறையில் போடுங்கள். அந்த நாட்களில் கிளையை இழுத்துக் கட்டுவது, கொத்து மேல் வேகமாகத் தெளிப்பது, தண்ணீரை ஏற்றி இறக்குவது எல்லாம் பூவை உதிர்க்கும். பிஞ்சு மிளகளவு வந்த பிறகு, கம்பி மேலே மாட்டிக்கொண்ட கொத்துகளைப் பந்தலுக்குக் கீழே இறக்கித் தொங்க விடும் வேலையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.